பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறிய உங்கள் மகனுக்காக

வணக்கம் சகோதரி. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மகன், தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாறியதிலிருந்து டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவருகிறான், விலை உயர்ந்த ஷூ கேட்டு அடம்பிடிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள்.

இதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். 12 முதல் 18 வயது வரை 'நான் யார்' என்பதே பெரிய கேள்வி என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். அதற்கான பதிலைப் பிள்ளைகள் பெரும்பாலும் கூடப் படிக்கிறவர்களிடம்தான் தேடுகிறார்கள்.

எனக்கு ஷூவைவிட அந்த டிபன் பாக்ஸ்தான் கவலையாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லையோ என்னவோ. உட்கார வைத்து விசாரித்தால், "விடும்மா" என்று எழுந்து போய்விடுவான். கடைக்குச் சேர்ந்து நடந்து போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசினால் இந்த வயதுப் பையன்களுக்குக் கொஞ்சம் வாய் திறக்கும்.

கடன் வாங்கி ஷூ வாங்க வேண்டாம். ஆனால் "நம்ம தகுதிக்கு இதெல்லாம் எதுக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே வார்த்தையை வகுப்பிலும் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருப்பான், பாவம்.

அப்புறம், பழைய பள்ளி நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போனால் தடுக்காதீர்கள். அங்கே அவன் யார் என்று அவனுக்குத் தெரியும். புதிய பள்ளியில் கபடியோ செஸ்ஸோ ஏதாவது ஓர் அணியில் சேர்ந்தால், ஒரே ஒரு நண்பன் கிடைத்தாலும் போதும்.

கேலி செய்கிறார்கள் என்று தெரிந்தால், அவனிடம் சொல்லிவிட்டு வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்கே போகமாட்டேன் என்றாலோ அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.