பிள்ளைகளுக்குப் பொறுப்பும் பெற்றோர் மீது மரியாதையும் வருவது எப்படி?

பொறுப்பு என்றால், யாரும் ஞாபகப்படுத்தாமலே தன் வேலையைத் தானே செய்வது. மரியாதை என்றால், அடுத்தவர் படும் பாட்டை உணர்ந்து நடப்பது. என்னைக் கேட்டால், பொறுப்பு வந்தாலே மரியாதையில் பாதி வந்துவிடும். ஒரு வேலையைத் தானே சுமந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அம்மாவின் அலுப்பு புரியும்.

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்கிற சாகுபடிப் பருவத்தில் நெல் போடுகிறவர்களுக்குத் தெரியும், நாற்றைப் பருவத்தில் பறித்து நட வேண்டும். நாற்றங்காலிலேயே முற்றவிட்டால் அப்புறம் சரியாகத் தூர் கட்டாது, அதாவது அடியிலிருந்து பக்கப் பயிர் வெடிக்காது. பொறுப்பும் அப்படித்தான், "பெரியவனாகட்டும்" என்று தள்ளிப்போடக் கூடாது.

ஆறு வயதில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் வேலையைக் கொடுங்கள். மறந்துவிட்டானா? திட்ட வேண்டாம், நீங்களே ஊற்றியும் விட வேண்டாம். கூட்டிப்போய், காய்ந்த சட்டியையும் வெயிலில் வாயைப் பிளந்து நிற்கும் கோழியையும் காட்டி, செம்பை அவன் கையில் கொடுங்கள்.

மரியாதையைப் பிள்ளைகள் பார்த்துத்தான் படிக்கிறார்கள். ஆச்சியிடம் அப்பா எரிந்து விழுகிற வீட்டில் எவ்வளவு புத்தி சொன்னாலும் ஏறாது.

அம்மாவை ‘நீ’ என்று கூப்பிடுவதும் ‘ஏன்’ என்று கேட்பதும் மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கம் ‘நீ’ பாசத்தில் வருவது, ‘ஏன்’ புரிந்துகொள்ளக் கேட்பது.