மாஸ்டடானில் என் நண்பருக்குத் தெரியும் பதிவுகள் எனக்கு ஏன் தெரிவதில்லை?

ஒரே ஹேஷ்டேக்கை நீங்களும் நண்பரும் தேடும்போது அவருக்கு 40 பதிவுகளும் உங்களுக்கு 3 பதிவுகளும் வருவதாகச் சொல்லி, "இங்கே அல்காரிதம் இல்லை என்றார்களே, பிறகு யார் மறைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் யாரும் மறைத்திருக்க மாட்டார்கள். மாஸ்டடான் என்பது வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல தனித்தனி சர்வர்கள் இணைந்த சமூக வலைத்தளம். அதில் நீங்கள் சிறிய சர்வரிலும் அவர் பெரிய சர்வரிலும் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இதே சந்தேகத்தைக் கேள்வியாகக் கேட்காமல் குற்றச்சாட்டாக எழுதி ஒரு நல்ல மனிதரைப் புண்படுத்தியவன் நான். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் முதலில் சேர்ந்தது, தன்னார்வலர் ஒருவர் சொந்தச் செலவில் நடத்திவந்த, 60 பேர்கூட இல்லாத சர்வர். ஒருநாள் நான் பின்தொடர்பவர் ஒருவர், வேறொரு சர்வரில் இருந்த மொழியியலாளர் ஒருவரின் பதிவை மறுபகிர்வு செய்திருந்தார். அதன் கீழே எனக்கு 2 மறுமொழிகள் தெரிந்தன. வேறு சர்வரில் இருந்த நண்பரோ, 18 பேர் விவாதித்திருப்பதாகவும் அதைப் படிக்கவில்லையா என்றும் கேட்டார். அந்த மொழியியலாளரின் பக்கத்தைத் திறந்தால், பல ஆண்டுகளாக எழுதிவருபவரின் கணக்கில் அந்த ஒரு பதிவு மட்டுமே இருந்தது. நிர்வாகி வடிகட்டுகிறார் என்று முடிவு கட்டி, எல்லோரும் பார்க்கும்படி "இது தணிக்கை" என்று எழுதிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தனிச்செய்தியில், அந்தப் பதிவை அது எழுதப்பட்ட சர்வரிலேயே திறந்து பார்க்கச் சொன்னார். அங்கே 18 மறுமொழிகளும் இருந்தன. அதன் பிறகு அவர் விளக்கியதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தச் சர்வர்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி அதைப் பரிந்துரையாக ஏற்றது. அதில் எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் மையக் கிடங்கு கிடையாது. ஒருவர் எழுதும்போது, அவரைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்தச் சர்வர்களில் இருக்கிறார்களோ அந்தச் சர்வர்களுக்கு அதன் நகல் அனுப்பப்படுகிறது. உங்கள் சர்வரில் ஒருவர்கூட அவரைப் பின்தொடரவில்லை என்றால், யாராவது மறுபகிர்வு செய்தாலோ, அவர் உங்கள் சர்வரில் உள்ள ஒருவரைக் குறிப்பிட்டாலோ, பல சர்வர்களின் பொதுப் பதிவுகளை வாங்கி மற்றவற்றுக்கு அனுப்பும் ரிலே வழியாக வந்தாலோ ஒழிய அந்தப் பதிவு பெரும்பாலும் அங்கே வந்து சேர்வதில்லை. எங்கள் சர்வரில் அந்த மொழியியலாளரை ஒருவரும் பின்தொடரவில்லை. மறுமொழி எழுதியவர்களில் இருவரை மட்டும் யாரோ பின்தொடர்ந்திருந்தார்கள். எனக்கு 2 தெரிந்ததன் காரணம் அவ்வளவுதான். லைக் எண்ணிக்கை சர்வருக்குச் சர்வர் மாறுவதும், புதிதாகப் பின்தொடரும் ஒருவரின் பழைய பதிவுகள் காணாமல் இருப்பதும் இதனால்தான்.

மாஸ்டடானில் பதிவுகள் வரிசையாக வரும் ஊட்டங்கள் (feed) மூன்று. முகப்பு ஊட்டம் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளைப் புதியது மேலே வரும்படி நேர வரிசையில் காட்டும். உள்ளூர் ஊட்டம் உங்கள் சர்வரில் இருப்பவர்களுடையது. கூட்டமைப்பு ஊட்டம் என்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: அது உலகம் முழுவதும் அன்று, உங்கள் சர்வருக்கு இதுவரை வந்து சேர்ந்த உலகம் மட்டுமே. ஹேஷ்டேக் தேடலும் அந்த எல்லைக்குள்தான் நடக்கிறது. 2022 நவம்பரில் வெளியான மாஸ்டடான் 4.0 முதல் ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம் என்றாலும், அதுவும் வராத பதிவை வரவழைக்காது.

தரவரிசையே எங்கும் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்டடானிலேயே பரவலாகப் பேசப்படும் பதிவுகளுக்குத் தனிப்பகுதி உண்டு. இதே நெறிமுறையில் இயங்கும் விவாதத் தளமான லெம்மியில் வாக்குகளும் நேரமும் சேர்ந்து வரிசையை முடிவு செய்கின்றன. நிர்வாகிகள் வேறொரு சர்வரை முழுவதுமாகத் தடுப்பதும் உண்மையிலேயே நடக்கிறது. அந்தப் பட்டியலைப் பல சர்வர்கள் தங்கள் அறிமுகப் பக்கத்தில் வெளியிடுகின்றன, குற்றம் சாட்டுமுன் அதைப் பாருங்கள். ஆனால் புதியவர்களை அழைப்பவர்கள் "அல்காரிதம் இல்லை, எல்லாம் தெரியும்" என்று சொல்லி நிறுத்திவிடுவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. முதல் பாதி ஓரளவு சரி, இரண்டாம் பாதி தவறு. அந்தத் தவறுதான் என்னை ஒருவர்மீது சந்தேகம் கொள்ள வைத்தது. நான் பொதுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். பின்னாளில் செலவு தாங்காமல் அவர் சர்வரை மூடியபோது என்னைப் பின்தொடர்ந்தவர்களைப் புதிய கணக்குக்கு மாற்ற முடிந்தது, பதிவுகளை மாற்ற முடியவில்லை. அந்த மன்னிப்பும் அவற்றோடு போய்விட்டது.

உங்கள் ஹேஷ்டேக்குக்கு வருகிறேன். நண்பருக்குத் தெரியும் அந்த 40 பதிவுகளை எழுதியவர்களின் கணக்கு முகவரிகளை வாங்கி, உங்கள் தேடல் பெட்டியில் இட்டு, பிடித்தவர்களைப் பின்தொடருங்கள். ரிலே ஒன்றில் சேர முடியுமா என்று நிர்வாகியிடமும் கேட்டுப் பாருங்கள், செலவு கூடும் என்பதால் அவர் மறுக்கலாம். பின்தொடர்ந்த நாளிலிருந்து அவர்கள் எழுதும் புதிய பொதுப் பதிவுகள் உங்கள் சர்வருக்கு வரும். அதே ஹேஷ்டேக்கை அங்கே தேடும் மற்றவர்களுக்கும் அவை கிடைக்கும்.