பல்லில் கறை ஒட்டவில்லையே!

கேள்வி: ‘உலர்ந்த பில்பெர்ரி’ என்று வாங்கினேன். ஊறவைத்து நறுக்கினால் உள்ளே வெளிறிக் கிடக்கிறது. பல்லில்கூடக் கறை ஒட்டவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல. புளூபெர்ரிக்கு உறவான பில்பெர்ரிக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் கருஞ்சிவப்பு. தின்றவர் நாக்கே சாட்சி சொல்லிவிடும். தோட்டத்துப் புளூபெர்ரிக்கு நிறமெல்லாம் தோலில்தான். பில்பெர்ரியோ ஐரோப்பியக் காடுகளில் தானாக வளர்வது. சீப்பு வைத்த கைக்கருவியால் புதர் புதராக வாரியெடுக்க வேண்டும். விலை ஏறுவதும், இடத்தை மலிவான பழம் பிடிப்பதும் அதனால்தான். ஸ்வீடிஷ் மொழியில் பில்பெர்ரியின் பெயருக்கே ‘நீலப்பழம்’, அதாவது புளூபெர்ரி, என்றுதான் பொருள். ‘மொழிபெயர்ப்பில் வந்த குழப்பம்’ என்று விற்றவர் நழுவப் பார்க்கலாம். விடாதீர்கள். பொட்டலத்தில் ‘வாக்சினியம் மிர்டில்லஸ்’ என்ற தாவரப்பெயர் அச்சாகியிருந்தால் உங்கள் பிடி இன்னும் வலுவாகும். நறுக்கிய பழத்தைப் படமெடுத்து, ரசீதோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நானும் முன்பக்கப் படத்தில் மயங்கி ஒரு டப்பா வாங்கியவன்தான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது டப்பா பாதி காலி. பழத்துக்கு அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து சூரியகாந்தி எண்ணெய். பழம் என்று நினைத்து மிட்டாய் தின்றிருக்கிறேன்.

கேள்வி: கேக் மாவில் போட்டேன். பழத்தைச் சுற்றிப் பச்சையாகிவிட்டது. சாயமா?

பதில்: இல்லை, நீங்கள் போட்ட சமையல் சோடா. இந்தப் பழத்தின் நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகும். தயிரோ எலுமிச்சையோ சேர்த்து, சோடாவைக் குறையுங்கள்.

கேள்வி: பழம் கல் மாதிரி இருக்கிறது. எப்படித்தான் சாப்பிடுவது?

பதில்: வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிடாதீர்கள், நிறமும் சுவையும் பாதி அதில்தான். பழத்தை அதே நீரில் வேகவைத்து, கொஞ்சம் சர்க்கரையும் மாவும் கரைத்துக் கெட்டியாக்கினால் ஸ்வீடன்காரர்களின் பில்பெர்ரி சூப். அங்கே 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் பந்தயத்தில் வழிநெடுக ஊற்றிக் கொடுப்பது அதைத்தான்.

கேள்வி: அப்பாவுக்கு இரவில் கண் மங்குகிறது. போர் விமானிகள் பில்பெர்ரி ஜாம் தின்று இருட்டில் குறிவைத்தார்களாமே? மாத்திரை வாங்கலாமா?

பதில்: இந்த விமானிக் கதையை இன்னும் எத்தனை டப்பாவில்தான் ஒட்டுவார்களோ! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு இருட்டில் கைகொடுத்தது ரேடார். அதை மறைக்க, ‘கேரட் தின்றதால்தான் இருட்டில் கண் தெரிகிறது’ என்று அரசே கதை பரப்பியது. ஜாம் கதையும் அதே வகையறா, ஆதாரம் கிடையாது. நல்ல கண் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளைத் திரட்டி 2004-ல் வந்த ஆய்வு, இரவுப் பார்வை கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. மாத்திரைக்குள் இருப்பது பில்பெர்ரிதானா என்பது அடுத்த கேள்வி. பில்பெர்ரிச் சாரம் என்ற பெயரில் அமராந்த் என்னும் சிவப்புச் சாயம் கலந்து விற்றது 2006-ல் ஆய்விதழிலேயே வந்தது. அந்த விமானியை நம்பி நானும் இரண்டு டப்பா மாத்திரை விழுங்கினேன். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடியைத்தான். அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால், அவர் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு நல்லது என்றார்கள். புதுப்பழம் ஒரு கிண்ணம் தின்றேன், இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: ஆகாமல் என்ன செய்யும்? கட்டுப்படுத்துவது உலர்ந்த பழம். அதிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின்தான் காரணம். லேசான வயிற்றுப்போக்குக்கு அதை நெடுநாள் வழக்கத்தின் அடிப்படையில் ஐரோப்பிய மருந்து முகமையும் ஏற்கிறது. புதுப்பழத்தை அள்ளித் தின்றால் இளக்கத்தான் செய்யும். மூன்று நாளில் நிற்காவிட்டால், அல்லது இரத்தம் தெரிந்தால், மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: தள்ளுபடி என்று ஐந்து கிலோ வாங்கினேன். தேதியைப் பார்க்கவில்லை. இப்போது பூஞ்சை வாடை. கழுவிக் காயவைத்தால் ஆகுமா?

பதில்: ஆகாது. குப்பையில் போடுங்கள்.