பார்பி பொம்மைக்கு கிறிஸ்துமஸ் டிரெஸ் குரோஷால பின்றது வெட்டி வேலையா?

கேள்வில நீங்க சொல்லியிருக்கறது, பொண்ணோட பார்பிக்கு கிறிஸ்துமஸுக்கு குரோஷால, அதாவது கொக்கி ஊசில, சிவப்பு கவுன் பின்னலாம்னு நூல் வாங்கி வச்சிருக்கீங்க, வீட்ல "ஆன்லைன்ல கொஞ்ச காசுக்கு மூணு டிரெஸ் வருது, எதுக்கு இந்த வெட்டி வேலை"ன்னு கேக்கறாங்க. இத படிச்சிட்டு என்னால தாண்டிப் போக முடியல. வெட்டி வேலைங்கற அந்த வார்த்தைய நான் 15 வருஷமா கேட்டுட்டு இருக்கேன்.

உங்களுக்கும் பகல்ல நேரம் கிடைக்காதுன்னு நெனைக்கறேன், எல்லாரும் படுத்தப்புறம் ஹால் லைட்ட மட்டும் போட்டுட்டு பின்ற ஆளாத்தான் இருப்பீங்க. அந்த நேரத்துல பின்றதுக்கு யார்கிட்டயும் கணக்கு சொல்ல வேண்டாம். மத்தவங்க அதே நேரத்துல சீரியல் பாக்கறாங்க, போன் பாக்கறாங்க, அத யாரும் வெட்டி வேலைன்னு சொல்றதில்ல.

என் கதைய சொல்றேன். எங்களுக்கு சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். எங்க அம்மா கான்வென்ட்ல சிஸ்டர்ஸ்கிட்ட குரோஷா படிச்சவங்க, எங்க வீட்டு ஷோகேஸ்ல இருந்த பொம்மைக்கு ரோஸ் கலர்ல அடுக்கடுக்கா ஃபிரில் வச்ச கவுன் பின்னி, தூசி படாம பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருந்தாங்க, அத நாங்க தொடவே கூடாது. அந்த ஃபிரில் நிமிந்து நிக்கறதுக்கு அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி போடுவாங்க. பக்கத்து வீட்ல ஒரு அக்கா சர்க்கரைப் பாகுல முக்கி எடுத்து ஒரே வாரத்துல எறும்பு மொய்ச்சிருச்சு, அதனால நீங்க கஞ்சியே போடுங்க, அதுவும் தண்ணியா, நல்லா காய வச்சிட்டுதான் பொம்மைக்குப் போடணும், டிசம்பர் மழைல ஈரத்தோட விட்டா பூஞ்சை புடிச்சிரும்.

எங்க ஊர்ல 1820கள்லயே மால்ட் அப்டின்னு ஒரு மிஷனரி அம்மா பொம்பளப் புள்ளைங்களுக்கு லேஸ் பின்ன சொல்லிக் குடுத்து, அத வித்த காசு பள்ளிக்கூடத்துக்கு உதவியிருக்கு. (அது குரோஷா இல்ல, திண்டு மேல ஊசி குத்தி கட்டைல நூல் சுத்தி பின்ற பாபின் லேஸ், எனக்குத் தெரியும், திருத்த வராதீங்க.) ஒரு பள்ளிக்கூடத்துக்கே கைகுடுத்த கைவேலைய நாம இன்னிக்கி டைம்பாஸ்னு சொல்றோம், அதத்தான் என்னால ஏத்துக்க முடியல.

சரி விஷயத்துக்கு வரேன். நாலஞ்சு வருஷம் முன்னாடி எங்க சர்ச்சுல டிசம்பர் மாசம் பெண்கள் ஸ்டால் போட்டாங்க, நான் ஆறு பார்பி டிரெஸ் பின்னித் தரேன்னு ஒத்துக்கிட்டேன். சிவப்பு கவுன் மூணு, வெள்ளை ஒண்ணு, பச்சைக் கோட்டு ரெண்டு. பார்பி செய்யற மேட்டல் கம்பெனி 1988ல முதல் ஹாலிடே பார்பிய (பண்டிகைக்குன்னு வர்ற ஸ்பெஷல் பொம்மை) சிவப்பு கவுன்ல எறக்கினாங்க, அடுத்த வருஷம் 1989ல வெள்ளை கவுன், ஓரத்துல புசுபுசுன்னு ஃபர் வச்சு. அந்த ரெண்டையும் மனசுல வச்சிட்டு பின்னேன், ஃபர்க்கு பதிலா முடி முடியா நீட்டிட்டு இருக்குமே அந்த ஃபெதர் வுல்லன் நூல், அத கழுத்துலயும் கீழ் ஓரத்துலயும் ஒரு சுத்து குடுத்தா அப்படியே ஃபர் மாதிரி வரும்.

இங்க ஒண்ணு சொல்லணும், பொம்மை சின்னதா இருக்கறதால வேலையும் சின்னதுன்னு நெனைக்கறாங்க, அது சுத்தமா தப்பு. பார்பி உயரம் பதினொன்றரை இஞ்ச், கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர், மனுஷ உயரத்துல ஆறுல ஒரு பங்கு. அப்போ நீங்க 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்வெட்டர் நூல்ல பின்னா, நாம 12 மில்லிமீட்டர் கயித்துல சட்டை போட்ட மாதிரி இருக்கும். அதனாலதான் நிறைய பேரு பின்றது பொம்மைக்குக் கம்பளி சுத்தின மாதிரி தெரியுது. மெல்லிசான மெர்சரைஸ்டு காட்டன் (பளபளப்பு ஏத்தின பருத்தி நூல்), 20 நம்பர், 1.25 மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசி, இதுல எனக்கு இடுப்புக்கு 34 செயின் (சங்கிலி மாதிரி போடற முதல் கண்ணிங்க) வரும். பழைய மாடல் பார்பிக்கு இடுப்பு சுமார் 9 சென்டிமீட்டர்தான், மார்பு 13. 2016ல கர்வி (பூசினாப்ல), டால் (உயரம்), பெட்டீட் (குட்டை)னு வேற வேற உடம்பு வந்துச்சு, அதனால உங்க பொண்ணு பொம்மை எதுன்னு பாத்து அளவெடுத்துட்டு ஆரம்பிங்க. அப்புறம் தலை பெருசு, கழுத்து வழியா போடலாம்னு நெனைக்காதீங்க, பின்னாடி இடுப்புக்குக் கீழ வரைக்கும் திறப்பு விட்டு சின்ன பிரஸ் பட்டன் ரெண்டு வச்சிருங்க, புள்ளைங்களே மாட்டிக்கும். பொம்மையோட விரல் நூல்ல சிக்கும், கைய உள்ள விடும்போது பொம்மை கைல ஒரு துண்டு பேப்பர் சுத்திட்டு விட்டீங்கன்னா வழுக்கிட்டு போயிரும்.

முதல் கோட்டு எனக்குத் தப்பாப் போச்சு. வீடியோல ஒரு அமெரிக்கக்காரம்மா டபுள் (குரோஷால ஒரு பின்னல் வகை) போடுன்னு எழுதிக் காட்டியிருந்தாங்க, நான் அம்மா சொல்லித்தந்த டபுள் போட்டேன், கோட்டு முட்டி வரைக்கும் வர வேண்டியது இடுப்போட நின்னுருச்சு. அம்மா படிச்சது பிரிட்டிஷ் முறை, அவங்க டபுள்னு சொல்றது அமெரிக்காவுல சிங்கிள், அது உயரம் கம்மி, அமெரிக்கா டபுள் நம்ம ட்ரெபிள். ரெண்டு ராத்திரி வேலைய பிரிச்சுப் போட்டேன். சும்மா பேட்டர்ன் பாத்து பின்றதுதானேன்னு சொல்றவங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு கவுனுக்கு 10, 11 மணி நேரம் ஆச்சு. விலை 350 போட்டாங்க, நான் போடல, ஸ்டால்ல இருந்த அக்காதான் போட்டாங்க. ஒரு அம்மா வந்து சிவப்பு கவுன கைல எடுத்து திருப்பிப் பாத்துட்டு "இதுல எவ்ளோ நூல் இருக்கும், 20 ரூபா இருக்குமா, இதுக்குப் போயி 350ஆ"ன்னு என் முன்னாடியே கேட்டாங்க. எனக்கு வாய் வரல. வாங்காம போறது அவங்க இஷ்டம், 350 எல்லாருக்கும் முடியாதுதான், நான் அத குறை சொல்லல. ஆனா என் 11 மணி நேரத்துக்கு விலை சைபர்னு எப்படி முடிவு பண்ணினாங்க? பிளம்பர் வந்தா வாஷர் விலைய மட்டுமா குடுக்கறோம்?

இதுல இன்னொரு கோபமும் எனக்கு உண்டு, உங்க கேள்விக்கு சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்லிடறேன். நான் படிச்ச ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டு தையல் பீரியட், எட்டாவது வந்ததும் ரெண்டையும் கணக்குக்கு எடுத்துக்கிட்டாங்க. தையல் டீச்சர் ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் திருத்த உதவிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்க எம்பிராய்டரில ஒரு மயில் போட்டா இறகு அசையற மாதிரி இருக்கும், அப்படிப்பட்ட கைய சும்மா உக்கார வச்சாங்க. இப்ப என் பொண்ணு ஸ்கூல்ல அந்த பீரியடே கிடையாது. கணக்கு வேணும், நான் கணக்குக்கு எதிரி இல்ல, ஆனா 11 வயசுப் பொண்ணுக்கு அறுந்த பட்டன் தைக்கத் தெரியல, இது யாருக்கும் பெரிய விஷயமாப் படல.

ஸ்டால்ல நாலு டிரெஸ் வித்துச்சு. மிச்சம் இருந்த சிவப்பு கவுன்ல ஒண்ண என் நாத்தனார் பொண்ணுக்குக் குடுத்தேன், அவளுக்கு அப்போ 7 வயசு. கிறிஸ்துமஸ் அன்னிக்கி ராத்திரி பொம்மைய கட்டிப்பிடிச்சுத்தான் தூங்கினா. புது வருஷம் முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற சமயம் அழுதுகிட்டே போன் பண்றா, "மாமி, பார்பிக்கு அடிபட்டுருச்சு, தோளெல்லாம் சிவப்பா இருக்கு"ன்னு. நூலோட சாயம் எறங்கி வினைல் கைலயும் தோள்லயும் புடிச்சிருச்சு. துணில ஒட்டின சாயத்த துவைச்சா ஓரளவு போயிரும், வினைல்ல அது உள்ள எறங்கிரும், சோப்புக்கு அசையாது. புள்ளைகிட்ட தப்பு மாமி மேலதான்னு சொன்னேன். அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல.

பொம்மை கலெக்ட் பண்றவங்க சொல்ற வழி ஒண்ணு இருக்கு, மெடிக்கல்ல விக்கற பரு க்ரீம், பென்சாயில் பெராக்சைடு உள்ளது. கறை மேல மட்டும் தடவி, மேல பிளாஸ்டிக் ஷீட் சுத்தி, வெயில்ல வைக்கணும், மூஞ்சில பெயிண்ட் இருக்கற எடத்துல படவே கூடாது. நாலு நாள் மொட்டை மாடில வச்சு, தினமும் தொடச்சு புதுசா தடவி, ஒரு மாதிரி போச்சு. இடது தோள்ல லேசா ரோஸ் நிறம் இன்னும் இருக்கு. அவளுக்கு அது பழகிருச்சு, "இது என் பார்பிதான்னு அடையாளம்"னு சொல்றா.

அதனால உங்க வீட்ல பேசறத விடுங்க, பின்னுங்க. ஆனா அந்த சிவப்பு நூல அப்படியே எடுத்து ஆரம்பிச்சிடாதீங்க. ஒரு முழம் வெட்டி வெந்நில போட்டு வெள்ளைத் துணில அழுத்திப் பாருங்க. துணி சிவந்துச்சுன்னா நூல பிரிக்காம சுருளாவே கட்டி, தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க. உப்பு போடு வினிகர் போடு சாயம் நின்னுரும்னு சொல்லுவாங்க, காட்டன் நூல்ல வினிகர் சாயத்த நிறுத்தாது, நான் போட்டும் பாத்துட்டேன். பின்னி முடிச்சப்புறம் உள்பக்கம் மெல்லிசா வெள்ளை லைனிங் துணி வச்சுத் தைங்க, ராத்திரி பொம்மைலேர்ந்து டிரெஸ கழட்டி வைக்க உங்க பொண்ணுக்கும் சொல்லிக் குடுங்க. இடுப்புல 34 செயின் உங்க கை இறுக்கத்துக்கு கூடக் குறைய வரும், பத்து வரிசை பின்னினதும் பொம்மைல வச்சுப் பாத்துட்டு மேல போங்க, எங்கயாவது சிக்கினா கீழ கேளுங்க, டிசம்பர் முழுக்க நான் ராத்திரி முழிச்சுத்தான் இருப்பேன்.