சின்னக் காசுக்கு ஒரே ஒரு கேள்வி

கேள்வி: நான் ஒரு தகுதிகாண் விரிவுரையாளர். வெருகல் பக்கத்தில் சீனி வருத்தமுள்ள பெண்கள் பலர் கிளினிக்கைப் பாதியில் விட்டுவிடுவதாக எனக்குப் படுகிறது. நகரத்துப் பெண்களோடு ஒப்பிட்டு இதை ஆராய விரும்புகிறேன். பெரிய மானியத்துக்குப் போட்ட விண்ணப்பம், முன்னோடித் தரவு (சிறிய அளவில் முதலில் செய்து பார்த்த தரவு) இல்லை என்று திரும்பிவிட்டது. இளம் ஆய்வாளர்களுக்கான தொடக்க மானியம் ஒன்று இருக்கிறது, ஆனால் தொகை மிகக் குறைவு. "இந்தக் காசில் என்ன செய்யலாம், பொறுங்கள்" என்கிறார் மேற்பார்வையாளர். என்ன செய்ய?
- வாசகி, திருகோணமலை

பதில்: விண்ணப்பியுங்கள் தங்கச்சி. முன்னோடித் தரவைத் தேடத்தான் இந்தக் காசையே தருகிறார்கள். ஆனால் பழைய திட்டத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டாம். 600 பெண்கள், இரண்டு பிரதேசங்கள், இரத்தப் பரிசோதனை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஒரே கேள்வியை எடுங்கள்: கிளினிக்கை விட்டவர்களை உங்களால் தேடிப் பிடிக்க முடியுமா? பெரிய மானியம் தருபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். நானும் ஆரம்பத்தில் கிளினிக் வாசலில் நின்று வந்தவர்களிடமே கேட்டுக் கொண்டிருந்தேன். வராதவர் ஏன் வரவில்லை என்று வந்தவருக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் கிளினிக் கொப்பி வருத்தக்காரரின் வீட்டில் இருக்கும். வருவதை நிறுத்தினால் கொப்பியும் அலுமாரிக்குள் போய்விடும். அப்புறம் ஒரே வழி, குடும்பநல உத்தியோகத்தரோடும் கிராம சேவகரோடும் பேசி வீடு வீடாகப் போவதுதான். எத்தனை வீடுகள் தட்டினீர்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் போனது என்று அன்றன்றே எழுதுங்கள். அதுதான் உங்கள் முன்னோடித் தரவு.

எண்ணிக்கைக்குப் பயப்பட வேண்டாம். விட்டவர்கள் பாதிப் பேர் என்று வைத்துக்கொண்டால், அந்த விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையோடு 10 சதவீதப் புள்ளி கூடக்குறைய அறிய, எழுமாறாகத் தெரிவுசெய்த 96 பேர் அளவில் போதும். 5 புள்ளிக்குள் வேண்டுமென்றால் 384 பேர். அதைப் பெரிய மானியத்துக்கு விடுங்கள்.

தூரம்தான் காரணம் என்று முன்கூட்டியே எழுதிவிடவும் வேண்டாம். திருகோணமலையிலிருந்து வெருகலுக்குப் போகும் வழியில், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் கரை கடந்தோம். இன்று பாலம் இருக்கிறது. அப்படியும் வராவிட்டால் நாட்கூலியா, பஸ் நேரமா, வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லையா என்று கேட்க வேண்டும். மருத்துவ உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று, வேல்ஸில் வைத்தியராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். சந்தையின் கை ஓங்கும் இடத்தில் இது இன்னும் மோசமாகும் என்பது அவருடைய வாதம். நம் அரச ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. ஆனாலும் ஒரு நாள் கூலி போகிறதே! அந்தக் கணக்கை அந்தப் பெண்களின் வாயாலேயே கேட்டு எழுதினால், உங்கள் ஆய்வுக்குத் தனி மதிப்பு வரும்.

காசைப் பற்றி ஒன்று. மடிக்கணினி வாங்காதீர்கள், அது விதைநெல்லைக் குற்றிச் சமைப்பது போல. அந்தந்த ஊர்ப் பெண்கள் இருவரைக் களவேலைக்கு எடுத்து ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். வழிச்செலவு, படிவங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கும் செலவு, முடிவை அந்த ஊர்களுக்கே போய்ச் சொல்லும் ஒரு நாள் செலவு, இவற்றையும் சேருங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மிகவும் கவலை.

எதிக்ஸ் அனுமதி (ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி) கிடைக்கும் முன் ஒரு வீட்டிலும் தரவு எடுக்கக் கூடாது. அதற்கே மாதக்கணக்கில் போகலாம் என்பதால் விண்ணப்பத்தோடு சேர்த்தே அதையும் தொடங்குங்கள். கார்த்திகை, மார்கழியில் களவேலை வைக்காதீர்கள், மாரி வெள்ளத்தில் வெருகலுக்குள் போவதே கஷ்டம்.

மேற்பார்வையாளரிடம் ஒரு பக்கத் திட்டத்தோடு போங்கள் தங்கச்சி. அதற்கு முதல், இந்தக் கிழமையே அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியைப் பார்த்து, கிளினிக் பதிவேட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள்.