சரீரம் ஒரு கூடா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அப்பா தவறிவிட்டார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். அன்று காலை ஆறு மணி வரை வார்டில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆறரைக்கெல்லாம் அவர் 'பாடி' ஆகிவிட்டார். "பாடிக்கு யார் கூட இருக்கீங்க?", "பாடியை நாலு மணிக்குத் தருவோம்" என்றார்கள். வீட்டு வாசலில் இறக்கும்போது ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் "பாடி எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டார். "அப்பாவைப் பார்த்து இறக்குங்கண்ணா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மெதுவாக இறக்கினார்.

அடக்க ஆராதனையில் போதகர், "இது வெறும் கூடு, குருவி பறந்துவிட்டது, கூட்டைப் பார்த்து அழாதீர்கள்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், தெரியும். ஆனால் நான் சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது அந்தக் கைகள்தான். வேதாகமத்தில் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் சரீரம் ஆலயம் என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் மரணசரீரம் என்று வருகிறது. மாம்சம், தேகம் என்றெல்லாமும் வருகிறது. குழப்பமாக இருக்கிறது. மூலத்தில் என்ன சொல்? அதற்குக் கூடு என்று பொருள் உண்டா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையிலேயே வைத்திருந்தேன். அப்பாவின் கைகளைப் பற்றி எழுதியிருந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'சோமா'. நீங்கள் வார்டில் கேட்ட 'பாடி'க்கு மிகப் பக்கத்தில் பிறந்த சொல் அது. ஹோமரின் காவியங்களில் சோமா என்றால் பிணம். உயிரோடு நடமாடுகிறவனின் உடலுக்கு அங்கே வேறு சொற்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த அரிஸ்தார்க்கஸ் என்ற உரையாசிரியரே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். உயிருள்ள உடலையும் குறிக்கும் சொல்லாக அது பிற்பாடுதான் விரிந்தது.

உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பழைய தமிழ் வேதாகமம். சோமாவை அது பெரும்பாலும் 'சரீரம்' என்கிறது. 2 கொரிந்தியர் 5இல் அதே சொல் 'தேகம்'. அப்போஸ்தலர் 9:40இல் பேதுரு இறந்துகிடக்கும் தபீத்தாளைப் பார்த்துத் திரும்பும் இடத்தில் 'பிரேதம்'. வெளிப்படுத்தல் 18:13க்கு வந்தால் அது 'அடிமைகள்'! நான்கும் மூலத்தில் ஒரே சொல். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்தந்த இடத்துக்கு அவை சரியான சொற்களே. 'மாம்சம்' மட்டும் மூலத்திலேயே வேறு, அது 'சார்க்ஸ்'. கடைசியாகச் சொன்ன 'அடிமைகள்' இருக்கிறதே, அதற்குத் திரும்பி வருகிறேன். எனக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதலில் கூடு. கூட்டைத் தனியே விட்டுவிட்டுப் பறவை பறந்ததுபோல உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்பது குறளிலேயே இருக்கிறது. தமிழில் சாவு வீட்டில் பேசுகிறவர் வாயில் அந்த உவமை தானாக வந்துவிடும். கிரேக்கர்களுக்கும் இதேபோல ஒன்று இருந்தது. 'சோமா சேமா' என்பார்கள், உடல் ஒரு கல்லறை என்று பொருள். பிளேட்டோ இரண்டு உரையாடல்களில் இதை எடுத்துப் பேசுகிறார். அப்போஸ்தலன் பவுல் தன் நிருபங்களை எழுதியது இந்தப் பேச்சு புழங்கிய மொழியில். அவர் நினைத்திருந்தால் ஒரே வரியில் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை.

உங்கள் போதகர் பக்கமும் ஒரு வசனம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. "இந்தத் தேகத்தை விட்டுக் குடிபோகவும் கர்த்தரிடத்தில் குடியிருக்கவும்" விரும்புவதாகப் பவுல் எழுதுகிறார், உடலைக் கூடாரம் என்றும் சொல்கிறார். ஆனால் நாலு வசனம் முன்னால் பாருங்கள். களைந்துபோட வேண்டும் என்று விரும்பவில்லை, மேலே தரித்துக்கொள்ளவே விரும்புகிறோம் என்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போதும் இந்த அற்பமான சரீரத்தைக் கிறிஸ்து 'மறுரூபப்படுத்துவார்' என்கிறாரே தவிர, தூக்கி எறிவார் என்று சொல்லவில்லை. குருவி பறந்த பிறகு கூட்டை யாரும் மறுரூபப்படுத்த மாட்டார்கள்.

மாம்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலாத்தியர் 5இல் 'மாம்சத்தின் கிரியைகள்' என்று ஒரு பட்டியல் வருகிறது. விபசாரமும் குடிவெறியும் அதில் உண்டு, சரி. கூடவே பகை, வைராக்கியம், பிரிவினை, பொறாமை, பில்லிசூனியம் எல்லாம் இருக்கின்றன. பொறாமைப்பட உடம்பா வேண்டும்? பவுல் மாம்சத்தைக் கடிந்துகொள்ளும் இடங்களில் அவர் சொல்வது கடவுளுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மனிதனின் மொத்தப் போக்கையும். அப்படி முதுகு காட்டி, சாவின் பிடியில் போய்ச் சிக்கிய உடலே ரோமர் 7இல் வரும் மரணசரீரம். ஆலயம் என்று அவர் சொல்லும் உடலும் அதுவேதான், விடுவிக்கப்பட்ட பிறகு. அதே 'சார்க்ஸ்'தான் யோவானில் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்றும் வருகிறது. ஆகவே அந்தச் சொல்லும் பிறவியிலேயே கெட்ட சொல் கிடையாது.

இனி அடிமைகள். வெளிப்படுத்தல் 18இல் பாபிலோன் விழுகிறது, வியாபாரிகள் அழுகிறார்கள். இனி வாங்க ஆளில்லாத சரக்குகளின் பட்டியல் நீளமாக வருகிறது: பொன், முத்து, பட்டு, இலவங்கப்பட்டை, எண்ணெய், கோதுமை, மாடு, ஆடு, குதிரை, இரதம். கடைசியில் 'சோமாக்கள்'. சந்தையில் அடிமைக்கு அதுதான் பெயர், உடல். தலைக்கு இவ்வளவு என்று நாம் சொல்வதைப் போல.

இந்த வழக்கத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். கொரிந்து வளைகுடாவின் வடக்கே மலைச்சரிவில் டெல்ஃபி. அங்கே அப்பல்லோ கோயிலுக்குக் கீழே ஒரு பெரிய தாங்குசுவர் இருக்கிறது. ஒழுங்கில்லாத கற்களை இடுக்குத் தெரியாமல் பொருத்திக் கட்டியது. அந்தச் சுவரிலும் சுற்றுவட்டாரக் கற்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள் பொடி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. வாசகம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இன்னார், அப்பல்லோவுக்கு, ஒரு பெண் சோமாவை விற்றார், பெயர் இன்னது, இனம் சிரியா, அல்லது திரேசு, அல்லது 'வீட்டில் பிறந்தது', விலை இத்தனை மினா வெள்ளி. ஒரு மினா என்றால் நூறு திராக்மா வெள்ளிக்காசு. பணத்தைக் கொண்டுவருவது அடிமை, பெயருக்கு வாங்குவது கடவுள். பல பத்திரங்களில் எஜமான் சாகும் வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இவற்றை மொழிபெயர்ப்பில் படித்தபோது என்னை உலுக்கியது ஒன்றுதான். முதலில் 'உடல்', அதற்குப் பிறகுதான் பெயர். உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கு நேர் எதிர் வரிசை.

கொரிந்துக்காரர்களுக்கு இது புத்தக அறிவு கிடையாது. கி.மு. 146இல் ரோமானியர்கள் அந்த நகரத்தை அழித்துப் பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். நூறு வருடம் கழித்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதைத் திரும்ப எழுப்பியபோது, குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி விடுதலை பெற்ற அடிமைகள் என்று அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். பவுல் அங்கே போனது கி.பி. 50ஐ ஒட்டி. தாத்தாவும் பாட்டியும் ஏதோ ஒரு பத்திரத்தில் 'சோமா' என்று எழுதப்பட்டிருந்த குடும்பங்கள் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும். இன்னும் அடிமையாகவே இருந்தவர்களும் அந்தச் சபையில் உண்டு. அவர்களுக்குத்தான் அவர் 1 கொரிந்தியர் 6இல் எழுதுகிறார்: "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே."

டெல்ஃபி முறையை மனதில் வைத்தே பவுல் இப்படி எழுதினார் என்று 1908இல் ஜெர்மானிய வேத அறிஞர் ஆடோல்ஃப் டைஸ்மான் வாதிட்டார். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். டெல்ஃபியில் அப்பல்லோ பெயரளவுக்கு வாங்குகிறவர், பவுலின் கர்த்தரோ நிஜமாகவே சொந்தக்காரர். ஆனால் கிரயம், சோமா என்ற இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்து வசனங்களில் வரும்போது அந்தக் கூட்டத்தில் யாருக்கு மனம் சந்தைக்குப் போகாமல் இருந்திருக்கும்? அடுத்த அதிகாரத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்கிறார்: "மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்."

இன்னொன்றும் கவனியுங்கள். நம் வேதாகமத்தில் 6:20 "உங்கள் சரீரத்தினாலும் உங்கள் ஆவியினாலும் தேவனை மகிமைப்படுத்துங்கள்" என்று முடியும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் ஆவி இல்லை. "உங்கள் சரீரத்தில் தேவனை மகிமைப்படுத்துங்கள்", அவ்வளவுதான். பின்னால் படியெடுத்த யாரோ ஒருவருக்கு உடல் மட்டும் போதாது என்று தோன்றியிருக்கிறது. பவுலுக்கு அது போதுமானதாக இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மான், சோமா என்பது மனிதனிடம் இருக்கும் ஒரு பொருள் இல்லை, மனிதனே சோமா என்று விளக்கினார். அருமையான விளக்கம். ஆனால் 1976இல் ராபர்ட் கண்ட்ரி என்ற வேத அறிஞர் அதை மறுத்து, பவுல் அந்தச் சொல்லை எலும்பும் சதையுமான உடலைவிட்டு எங்கும் பிரிப்பதில்லை என்று காட்டினார். நான் கண்ட்ரி பக்கம். சந்தையில் விலைபோனது தோளும் முதுகும் அல்லவா? அடிமைக்கு விடுதலை என்றால் அதுவும் அந்தத் தோளுக்கும் முதுகுக்கும்தான் வர வேண்டும்.

அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை இதற்குப் பிறகு படித்துப் பாருங்கள். "அடிமைகளானாலும், சுயாதீனரானாலும்" எல்லாரும் "ஒரே சரீரத்திற்குள்ளாக" ஞானஸ்நானம் பெற்றோம் என்று இருக்கும். சந்தையில் 'உடல்' என்று விலைபேசப்பட்டவனும் விலைகொடுத்தவனும் இப்போது ஒரே உடலுக்குக் கையும் காலும். உடலைச் சமூகத்துக்கு உவமையாக்குவது ரோமில் பழைய கதை. கி.மு. 494இல் ஏழைக் குடிமக்கள் நகரைவிட்டு வெளியேறியபோது மெனேனியஸ் அக்ரிப்பா அவர்களிடம் போய், வயிற்றுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்து தாங்களே மெலிந்துபோன உறுப்புகளின் கதையைச் சொன்னார் என்பார்கள். மேலே இருப்பவனுக்கு உழைத்துக்கொண்டே இரு என்பது அதன் சாரம். பவுல் அதே கதையைக் கையில் எடுத்துத் திருப்பிவிடுகிறார். பலவீனமாகத் தெரிகிற உறுப்புகளே மிகவும் வேண்டியவை என்கிறார்.

அதற்கு முந்திய அதிகாரத்தில் திருவிருந்து. வசதியானவர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். இவர்கள் 'சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாதவர்கள்' என்கிறார் பவுல். அப்பத்தை மட்டும் அவர் சொல்வதாக நான் நினைக்கவில்லை, பசியோடு உட்கார்ந்திருந்தவனையும் சேர்த்துத்தான். உங்கள் ஊரிலிருந்து வடக்கன்குளம் எவ்வளவு தூரம்? அங்கே கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள். 1910இல் அதை இடித்தபோது, திரும்பக் கட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் திரும்பவில்லை. ஆனால் அது நின்ற காலமெல்லாம் இரண்டு பக்கமும் "இது என் சரீரம்" என்று சொல்லித்தான் அப்பம் கொடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

"ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்" என்ற வசனத்தை வைத்து யாராவது, பார்த்தீர்களா, கடைசியில் ஆவிதானே என்று சொல்லலாம். முப்பந்தலில் நீங்கள் பார்க்கிற காற்றாலை காற்றால் செய்ததா? காற்றால் ஓடுவது. அதேபோல, ஆவியால் இயங்கும் சரீரம். மூலச்சொல்லின் விகுதி அந்த வகை.

கடைசியாக, அந்த ஆறரை மணி. மாற்கு 15இல் அரிமத்தியா ஊர் யோசேப்பு பிலாத்துவிடம் போய் இயேசுவின் 'சோமாவை'க் கேட்கிறார். இறந்துவிட்டாரா என்று பிலாத்து நூற்றுக்கு அதிபதியிடம் விசாரித்து உறுதிசெய்துகொண்டு கொடுக்கிறான். சினாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அவன் கொடுப்பது 'ப்டோமா'. விழுந்து கிடப்பது, பிணம். யோசேப்பு கேட்டது ஒரு சொல், ஆபீஸில் கிடைத்தது இன்னொரு சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு பின்பற்றிய பிரதிகளில் இரண்டு இடத்திலும் சோமாவே இருப்பதால் தமிழில் இரண்டுமே சரீரம்.

யோவான் 20இல், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தூதர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை 'சரீரம் வைக்கப்பட்டிருந்த இடம்' என்று எழுதுகிறார் சுவிசேஷகர். மகதலேனா மரியாள் அந்தச் சொல்லைத் தொடுவதேயில்லை. இயேசு உயிரோடு எழுந்தது அப்போது அவளுக்குத் தெரியாது, பிணத்தைத் தேடித்தான் வந்திருக்கிறாள். ஆனாலும் "என் ஆண்டவரை எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள், அவரை வைத்த இடம் எனக்குத் தெரியவில்லை" என்றுதான் சொல்கிறாள். தோட்டக்காரன் என்று நினைத்தவரிடமும் அவரை எங்கே வைத்தீர் என்றே கேட்கிறாள், நான் போய் அவரை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

"அப்பாவைப் பார்த்து இறக்குங்கண்ணா" என்று நீங்கள் சொன்னதும் இதே வார்த்தைதான் சகோதரி.

அன்புடன்.