அதிரும் சோல் அம்மாவின் காலுக்கு உதவுமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மா கொழுந்து பறிப்பவர். பல வருடமாக நீரிழிவு. அட்டை கடித்தாலும் கண்ணாடித் துண்டு குத்தினாலும் காலில் தெரிவதில்லை. செருப்புக்குள் வைக்கும் அதிரும் சோல் நரம்பைத் தூண்டும் என்கிறான் தம்பி. வாங்கலாமா?"

அட்டை கடிப்பது நல்ல காலுக்கே பல நேரம் தெரியாது. கண்ணாடி குத்தியும் தெரியவில்லை என்பதுதான் கவலை.

தம்பி சொல்வது கட்டுக்கதை அல்ல. ஓய்ந்திருக்கும் நரம்புக் கலத்தின் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவு. கால் எதையேனும் மிதிக்கும்போது இந்த வித்தியாசம் சுருங்கும். சுமார் 55 வரை சுருங்கினால் துடிப்பு கிளம்பும். சற்று முன்னே நின்றுவிட்டால் மூளைக்குச் செய்தியே இல்லை. ஆனால் கலம் அசையாமல் நிற்பதில்லை. அதன் சவ்விலுள்ள நுண்வாயில்கள் வெப்ப உலுக்கலில் தம்பாட்டில் திறந்து மூடுவதால் மின்னழுத்தம் சதா தத்தளிக்கும்.

காசல்ரீ அணையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றால் வான் பாயாது. காற்று வீசினால் அலை அவ்வப்போது தெறித்து விழும். மட்டம் ஏற ஏறத் தெறிப்பும் கூடும். கீழே நிற்பவர் அணைக்கு ஏறாமலே மட்டத்தை ஊகித்துவிடலாம். ஒழுங்கற்ற சிறு அதிர்வு, பலவீனமான தொடுகையை மூளைக்குச் சேர்ப்பதும் இப்படித்தான். புயலடித்தால் எப்போதும் தெறிக்கும். மட்டம் எதுவென்று தெரியாது. நீர் அடியோடு வற்றிவிட்டாலோ எந்தக் காற்றும் உதவாது.

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய சோல்களைச் சோதித்தபோது முதியவர்கள் தள்ளாட்டம் குறைந்து நின்றார்கள். அணிந்தவருக்கே தெரியாத அளவு மெல்லிய, ஒழுங்கற்ற அதிர்வு அது. கடையில் கிடைக்கும் மசாஜ் கருவியின் பலத்த, சீரான அதிர்வு வேறு சங்கதி. மரத்த காலில் அது புண்ணாக்கினாலும் அம்மாவுக்குத் தெரியாது. இறந்த நரம்பை எதுவும் எழுப்பாது. ஆகவே இப்போதைக்கு வாங்காதீர்கள்.

கிளினிக்கில் 10 கிராம் நைலான் இழையால் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய இழை; அது தொடுவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள்) பாதத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். மலைக்கு மூடிய சப்பாத்து. போடுமுன் கவிழ்த்து உதற வேண்டும். மாலையில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே விளக்கில் பாருங்கள். குளிருக்கு அடுப்பருகே கால் காய்வதை நிறுத்துங்கள். வெந்நீரில் கால் கழுவுவதென்றால், நீங்கள் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே அம்மா காலை வைக்கட்டும்.